சப்பான் பெட்டியின் ஞாபகம்

வெள்ளிக்கிழமை மத்தியானம் இன்பமணி நாசரேத்துக்குப் பஸ் ஏறும்போது இசக்கியப்பனுக்கு இரண்டு கையும் இருந்தது. திங்கட்கிழமை காலையில் அவள் திரும்பி வந்து உப்புக் கம்பெனி வாசலில் இறங்கியபோது ஒன்றுதான் மிச்சம்.

வாசல் முழுக்க ஆட்கள். வெயில் ஏறுவதற்கு முன்பே முகமெல்லாம் கன்றிப் போய் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இசக்கியப்பனின் பெண்டாட்டி சுடலைமாடத்தி, தலையை அள்ளி முடியாமல், பூட்டிய இரும்புக் கதவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"ஏலே பொன்னுதுரை! வெளிய வாலே! அண்ணாச்சி அண்ணாச்சின்னு ஒன் காலச் சுத்தி வந்த மனுசன மெசினுக்குத் தின்னக் குடுத்துட்டு உள்ள ஒளிஞ்சா கெடக்க?"

காவல்காரர்தான் நடந்ததைச் சொன்னார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கப்பலுக்கு உப்பு ஏறிக்கொண்டிருந்தபோது கரண்டு போயிருக்கிறது. இசக்கியப்பன் வழக்கம்போல் கடப்பாரையோடு உப்பை இழுத்துப்போகிற பெல்ட்டில் ஏறி, உப்பைக் கொட்டிவைக்கிற ஹாப்பர் தொட்டியின் வாய்க்குக் கீழே குனிந்திருக்கிறான். கரண்டு வந்தது. பெல்ட் ஓடியது. வலது கை உருளைக்குள் போய்விட்டது. பக்கத்தில் நின்ற ஒருவன் பாய்ந்து மெயினை இறக்கியிருக்கிறான். ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"பொன்னுதுரை தண்டவாளத்த அடிக்காம பட்டன அமுக்கிட்டான்," என்றார் காவல்காரர். "நாளைக்கு பேக்டரி இன்ஸ்பெக்டரு வாராராம். அவன் வேலையும் போச்சு, ஜெயிலும் உண்டுன்னு பேசிக்கிடுதாவ."

பொன்னுதுரை அமுக்கவில்லை. யாருமே அமுக்கவில்லை. இன்பமணிக்கு அது அந்த இடத்திலேயே, அந்த நிமிஷமே தெரிந்துபோயிற்று.

*

உப்பு சும்மா இருக்கிற சரக்கு இல்லை. கழுவின ஈரத்தோடு ஹாப்பரில் கொட்டினால், கடல்காற்று பட்டுப் பட்டு, வாய்ப் பக்கம் பாறையாக இறுகிவிடும். பெல்ட் ஓடும்போது அதை உடைக்க முடியாது. அதனால் கம்பெனியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: கரண்டு போனால் கடப்பாரை. விளக்கு அணைந்த மறுகணம் ஆட்கள் பெல்ட்டில் ஏறிவிடுவார்கள். ஊரெல்லாம் மின்வெட்டைத் திட்டிக்கொண்டிருக்க, இங்கே மட்டும் அதற்காகக் காத்திருப்பார்கள்.

கரண்டு திரும்பி வந்ததும் விளக்கு எரியும். அதை ஒருத்தரும் சட்டை செய்ய மாட்டார்கள். பெல்ட்டின் கடைசி முனையில், பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்தில், உத்தரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. பொன்னுதுரை சுத்தியலால் அதை அடிப்பார். ஆட்கள் இறங்குவார்கள். தலையை எண்ணுவார். மறுபடி ஒரு அடி. அப்புறம்தான் பச்சைப் பொத்தான். உப்புத் தொழிலாளி வெளிச்சத்தை நம்ப மாட்டான், மேனேஜரை நம்ப மாட்டான். பொன்னுதுரை அண்ணாச்சி அடிக்கிற அந்தச் சத்தத்தை நம்புவான்.

பழைய இயந்திரத்துக்கு அது பொருத்தமாக இருந்தது. கரண்டு போனால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். யாராவது எழுப்பினால்தான் எழும்பும். போன வருஷம் உப்பு வாங்குகிற ஜப்பான்காரர்கள் புதுப் பெல்ட்டும் அதை ஆட்டிவைக்க ஒரு பெட்டியும் அனுப்பினார்கள். ஆள் உயரத்துக்குச் சாம்பல் நிறப் பெட்டி. ஆட்கள் அதைச் சப்பான் பெட்டி என்றார்கள். அதைக் கற்றுக்கொள்ள மெட்ராஸுக்கு யாரை அனுப்புவது என்று வந்தபோது, மேனேஜர் சங்கரபாண்டியன் இன்பமணியைக் காட்டினார். அவள் பாளையங்கோட்டையில் பிஸிக்ஸ் படித்தவள் என்பதற்காக அல்ல. பெட்டியில் தட்டுவதற்குக் கட்டைகள் இருந்தன. "டைப்ரைட்டர் மாதிரிதானே? பொம்பளப் பிள்ளைங்க விரலுக்கு வாகா இருக்கும்," என்றார்.

மெட்ராஸில் அவளுக்கு மூடியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே, வலையில் மீன்முட்டை ஒட்டிக்கிடப்பது போல, மெல்லிய கம்பிகளில் கோத்த கோடிக்கணக்கான... இல்லை, ஆயிரக்கணக்கானதுதான், பார்க்கிற கண்ணுக்குத்தான் கோடி. கடுகை விடச் சிறிய காந்த வளையங்கள். ஒவ்வொன்றும் இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ காந்தம் ஏறி நிற்கும். இடம் என்றால் இல்லை, வலம் என்றால் ஆமாம். கரண்டை நிறுத்தினாலும் வளையம் திரும்பாது. ஒரு வருஷம் கழித்துக் கரண்டு கொடுத்தாலும், விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். அன்றைக்கு அது அவளுக்கு ஒரு அதிசயமாக இருந்தது. லாட்ஜில் படுத்துக்கொண்டு, இருட்டில் ஒன்றையும் மறக்காமல் நிற்கிற அந்த வளையங்களையே நினைத்துக்கொண்டிருந்தாள். அதிசயமாம்!

ஆனால் ஞாபகம் வைக்க முடியும் என்பதற்காக எல்லாவற்றையும் அது ஞாபகம் வைக்க வேண்டியதில்லை. எதை வைப்பது, எதை விடுவது என்று கட்டையில் தட்டிச் சொல்லலாம். பெல்ட் ஓடிக்கொண்டிருந்ததை மட்டும் மறந்துவிடு என்றுதான் முதலிலிருந்து தட்டி வைத்திருந்தது. பழைய வழக்கப்படி, பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் ஓட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் சங்கரபாண்டியன் பெட்டி அறைக்கு வந்தார்.

"ஏம்மா, ஞாபகசக்தி ஞாபகசக்தின்னு சப்பான்காரன் தம்பட்டம் அடிச்சானே, அது எதுக்கு இருக்கு? கரண்டு வந்தப்புறமும் கூப்பிட்டு, எண்ணி, தண்டவாளத்தத் தட்டி... கோயில் திருவிழாவா நடத்துதோம்? கப்பல் நிக்கி. விட்ட இடத்துல இருந்து தானா ஓடுற மாதிரி பண்ணு."

"கீழ ஆளு இறங்குவாங்களே சார்."

"அதை நான் அவனுவகிட்ட சொல்லிக்கிடுதேன். நீ தட்டு."

அவள் தட்டினாள். தட்டிவிட்டு, சபையின் அசன விருந்துக்கு ஊருக்குப் பஸ் ஏறினாள். அவர் ஆட்களிடம் சொல்லவில்லை.

*

பொன்னுதுரை சாக்குக் கொட்டடியில் உப்புச் சாக்கு மேல் உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். இரண்டு கையையும் மடியில் வைத்து, அது தன்னுடையது இல்லை என்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நீங்க அமுக்கல," என்றாள் இன்பமணி.

"அமுக்கினேன்னுதான் சொல்லுதாவ."

"அவங்க சொல்லுதாங்க. நீங்க அமுக்கினியளா?"

அவர் யோசித்தார். அவர் யோசித்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சுத்தியலை எடுக்கத் திரும்பினேன் தங்கச்சி. வெளக்கு எரிஞ்சுது. ஒரு மூச்சு விடுத நேரம். பெல்ட்டு ஓடிட்டு. திரும்பும்போது முழங்கை பட்டிருக்கும். வேற எப்படி ஓடும்? பக்கத்துலயே செவப்புப் பட்டன் இருக்கு. அதை அமுக்கி நிறுத்தக்கூட எனக்குத் தோணல பாரு. நான்தான். மேனேஜரும் சொன்னாரு, இன்ஸ்பெக்டர்ட்ட கை தவறிட்டுன்னு ஒத்துக்கோ, போலீசுக்குப் போகாமப் பாத்துக்கிடுதேன்னு."

"அந்த ஒரு மூச்சு நேரம் பெட்டி தன்னைத்தானே சரி பாக்குற நேரம் அண்ணாச்சி! வெளக்கு உடனே எரியும். பெட்டி முழிச்சுப் பாத்து, வளையத்தைப் படிச்சு, அப்புறம்தான் பெல்ட்டை விடும். உங்க முழங்கையும் இல்ல, மண்ணும் இல்ல!"

"எனக்கு அதெல்லாம் புரியாது ளா. இசக்கி என்னைப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். அவன் பொய்யா சொல்லுவான்?"

அந்த ஆளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது அவளுக்கு. ஒரு மனுஷன் கையை இயந்திரம் எடுத்தது. இன்னொரு மனுஷன் மனசை மூன்றே நாளில் மேனேஜர் எடுத்துவிட்டார். முதலாவதற்காவது கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

*

சங்கரபாண்டியன் மின்விசிறிக்குக் கீழே மோர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் அனுமதி கேட்காமல் உள்ளே போனாள்.

"பொன்னுதுரை அண்ணாச்சியை விட்டுருங்க சார். நீங்க சொல்லித்தான் நான் மாத்தினேன். பெல்ட் தானா ஓடுச்சு."

அவர் தம்ளரைக் கீழே வைக்கவில்லை. "என்ன ஆதாரம்மா இருக்கு? நான் சொன்னதுக்கு? நீ மாத்தினதுக்கு? வெள்ளிக்கிழமையில இருந்து மெயின் ஆஃப்ல கிடக்கு. பெட்டியில இருந்தது எல்லாம் ஆவியாப் போயிருக்கும்."

இங்கேதான் இன்பமணி தப்புப் பண்ணினாள். வாயை மூடிக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டும். கோபம் விடவில்லை.

"ஆவியாப் போகாது சார். அதுக்குப் பேருதான் ஞாபகசக்தி. செவப்புப் பொத்தானை அமுக்கி நிறுத்தியிருந்தா மறந்திருக்கும். மெயினை இறக்கித்தான் நிறுத்தியிருக்காங்க. 'ஓடு'ன்னு சொன்ன வளையம் இப்பவும் 'ஓடு'ன்னுதான் நிக்குது. நாளைக்கு இன்ஸ்பெக்டர் முன்னால கரண்டு குடுங்க. நீங்க பொய் சொன்னாலும் அது சொல்லாது."

தம்ளர் கீழே வந்தது. அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்ததைப் பார்த்த பிறகுதான், தான் என்ன கொடுத்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

"அப்படியா சங்கதி," என்றார் மெதுவாக. "பழைய கட்டளை இருக்கிற டேப்பு பீரோவுல கெடக்கு. இப்பவே போய் அதைப் பெட்டியில ஏத்து. பழையபடி ஆயிரும்."

"மாட்டேன்."

"எழுதுத சாவியக் குடு."

பெட்டியில் எதையும் மாற்றுவதற்கு ஒரு சாவியைத் திருப்ப வேண்டும். அது அவள் கழுத்துக் கயிற்றில் இருந்தது. அவள் கை தானாக அதைப் பிடித்துக்கொண்டது.

"தர மாட்டேன்."

"சரி, வச்சுக்கோ. மெட்ராஸ் ஏஜெண்டுகிட்ட இன்னொரு சாவி உண்டு. இப்ப டிரங்கால் போட்டா, ராத்திரி ரயில் ஏறி, இன்ஸ்பெக்டர் வாரதுக்கு முன்னால ஆளு வந்து நிப்பான்." கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். குரல் தன்மையாக, அப்பாவைப் போல ஆனது. "இன்பமணி, யோசிச்சுப் பாரு. பெட்டியில இருக்கிறது வெளிய வந்தா முதல் கேள்வி என்ன? யாரு தட்டினதுன்னு. யாரு விரல்? சங்கரபாண்டியன் விரலா? உங்கப்பா வாத்தியாரு. ஊர்ல மானமரியாதையா இருக்கிற குடும்பம். பொன்னுதுரைக்கு நான் ஏதாவது வழி பண்ணுதேன். நீ ஏன் தலைய விடுத?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எல்லாவற்றையும் விட எரிந்தது. தட்டியது அவள் விரல். 'கீழ ஆளு இறங்குவாங்களே' என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று, தட்டிவிட்டுப் போனவள் அவள். அந்த ஆளுக்கு அது தெரியும். தெரிந்துதான் அவளையும் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொல்கிறார்.

"டிரங்கால் போடுங்க சார்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

கம்பெனி டெலிபோன் இரண்டு நாளாகச் செத்துக் கிடந்தது. சங்கரபாண்டியன் ஜீப்பை எடுத்துக்கொண்டு துறைமுக ஆபீசுக்குப் போனார். ஜீப்பின் தூசி அடங்குவதற்குள் இன்பமணி வாசலுக்கு ஓடினாள்.

"அக்கா, உள்ள வாங்க."

சுடலைமாடத்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எதுக்கு? ஒங்க மெசினுக்கு இன்னொரு கை வேணுமோ?"

"யாரு பெல்ட்டை ஓட்டினாங்கன்னு காட்டுதேன்."

"அதான் ஊருக்கே தெரியுமே."

"ஊருக்குத் தெரிஞ்சது பொய். வந்து பாருங்க. பொய்யா இருந்தா என் மூஞ்சியில துப்புங்க."

"துப்புவேன் ளா. வெறுமன விட மாட்டேன்." அவள் எழுந்து சேலையை உதறினாள். கூட்டமும் எழுந்தது. காவல்காரர் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். பிறகு, எதையோ மறந்துவிட்டவர் போல், கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

பெல்ட் கொட்டகையில் உப்பு வெயிலைக் குடித்து வெள்ளையாகக் கூசியது. மெயின் சுவிட்ச் ஹாப்பர் பக்கச் சுவரில் இருந்தது. பச்சைப் பொத்தான் எதிர் முனையில். இன்பமணி பெட்டி அறையைப் பூட்டி, அறைச் சாவியைச் சுடலைமாடத்தியின் கையில் வைத்தாள். பொன்னுதுரையைக் கொட்டடியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து கூட்டத்தின் நடுவில் நிறுத்தினாள்.

"இவரு ரெண்டு கையையும் பிடிச்சுக்கிடுங்க. என் கையையும் யாராவது பிடிங்க. அதுக்கு முன்னால நான் கீழ ஒரு தடவை பாத்துட்டு வந்துருதேன்."

பெல்ட்டின் நீளத்துக்கும் நடந்தாள். ஹாப்பருக்குக் கீழே குனிந்து பார்த்தாள். ஒருவரும் இல்லை. உருளையில் காய்ந்த கறுப்பு இருந்தது. கழுவியிருக்கிறார்கள், சரியாகக் கழுவவில்லை. தண்டவாளத்தை அவளே அடித்தாள். அந்தச் சத்தம் கேட்டதும் நின்றவர்கள் அத்தனை பேரும் தங்களையறியாமல் ஒரு அடி பின்னால் போனார்கள்.

திரும்பி வந்து கையை நீட்டினாள். சுடலைமாடத்தியின் தம்பி ஒருவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பொன்னுதுரையின் கைகளை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள்.

"அந்தப் பொத்தான் பக்கத்துல யாராவது நிக்காங்களா?"

"இல்ல."

"அக்கா, அந்தக் கைப்பிடியை நீங்க மேல தூக்குங்க. அது வெறும் கரண்டு. வீட்டு மெயின் மாதிரி."

"என் வீட்டுல ஏதுளா கரண்டு," என்று சொல்லிக்கொண்டே சுடலைமாடத்தி இரண்டு கையாலும் கைப்பிடியைத் தூக்கினாள்.

விளக்குகள் எரிந்தன. ஒன்றும் அசையவில்லை. யாரோ சிரித்தார்கள். "காட்டுதாளாம் காட்டு..."

ஒரு மூச்சு விடுகிற நேரம்.

பெல்ட் குலுங்கி, முனகி, ஓடியது. மூன்று நாள் இறுகிக் கிடந்த உப்பு கட்டியாகப் பெயர்ந்து நகர்ந்தது. ஹாப்பருக்குக் கீழே, இசக்கியப்பன் குனிந்திருந்த இடத்தில், உருளை யாரையும் கேட்காமல் சுற்றியது.

சுடலைமாடத்தி அலறினாள். "நான் ஒண்ணும் பண்ணல! ஏ, நான் ஒண்ணும் பண்ணலியே!"

பொன்னுதுரை பிடித்தவர்களை உதறிவிட்டுச் சிவப்புப் பொத்தானைப் பார்த்து ஓடினார்.

"அண்ணாச்சி, செவப்பைத் தொடாதிய!" இன்பமணி தொண்டை கிழியக் கத்தினாள். "அதைத் தொட்டா மறந்துரும்! அக்கா, கைப்பிடியை இறக்குங்க!"

இறக்கினாள். பெல்ட் நின்றது. பொன்னுதுரை பாதி வழியில் நின்று தன் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு பெல்ட்டின் இரும்புக் காலை ஓங்கி மிதித்தார்.

"நாசமாப் போற மூதி! மூணு நாளு! என் கைய நானே உருளைக்குள்ள விட்டுருவோமான்னு இருந்தேம்லே! மூணு நாளு!"

சுடலைமாடத்தி மறுபடி கைப்பிடியைத் தூக்கினாள். விளக்கு, ஒரு மூச்சு, பெல்ட். இறக்கினாள். தூக்கினாள். யார் சொல்லியும் நிறுத்தவில்லை. வலிக்கிற பல்லை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது போல அவள் அதைச் செய்தாள். ஐந்தாவதோ ஆறாவதோ தடவை இறக்கிவிட்டு, மூச்சு வாங்க, இன்பமணியின் எதிரில் வந்து நின்றாள்.

"யாருளா இதை இப்படிப் பண்ணி வச்சது?"

வாசலில் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. சங்கரபாண்டியன் உள்ளே ஓடி வந்தார். கூட்டத்தையும், எரியாத விளக்கையும், பெல்ட்டில் பெயர்ந்து கிடந்த உப்பையும் பார்த்து எல்லாம் புரிந்துகொண்டார்.

"சொல்லும்மா!" என்று கத்தினார். "யாரு பண்ணி வச்சதுன்னு சொல்லு! உன் விரல்தானே?"

"என் விரல்தான்," என்றாள் இன்பமணி. சுடலைமாடத்தியைப் பார்த்துத்தான் சொன்னாள். "இவரு பண்ணச் சொன்னாரு, நான் பண்ணினேன். ஆளுககிட்டச் சொல்லிக்கிடுதேன்னு சொன்னாரு, சொல்லல. சொல்லியாச்சான்னு நான் கேக்கல. ஊருக்குப் போயிட்டேன்."

சுடலைமாடத்தி துப்பினாள். இன்பமணியின் கன்னத்தில் பட்டது. அவள் துடைக்கவில்லை. அடுத்து சுடலைமாடத்தி மேனேஜர் பக்கம் திரும்பியபோது அவர் ஜீப்புக்கும் தனக்கும் நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்தார்.

"நீரு நில்லும்," என்றாள் அவள். "ஒமக்குத் துப்புனா எச்சிக்குக் கேடு. ஏளா, வாத்தியார் மவளே, வா. பொன்னுதுரை அண்ணாச்சி, நீரும் வாரும். இதை அந்த மனுசன்கிட்ட வந்து சொல்லணும். ராவெல்லாம் ஒம்ம பேரைச் சொல்லி மண்ண வாரித் தூத்திட்டுக் கெடக்காரு."

ஆஸ்பத்திரிக்கு உப்பு லாரியில்தான் போனார்கள்.

வார்டில் இசக்கியப்பன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பொன்னுதுரையைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டான்.

"கண்ண முழியும்," என்றாள் சுடலைமாடத்தி. "இவரு அமுக்கல. இன்னிக்கு அந்த மெசினை நான் ஓட்டினேன். நான்! பட்டன் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. கரண்டைக் குடுத்தா அது பாட்டுக்கு ஓடுது. ஓடச் சொல்லி வச்சிருக்கானுவ."

இன்பமணி எல்லாவற்றையும் சொன்னாள். தன் பங்கைக் குறைக்காமல் சொன்னாள். வளையத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மேனேஜர் சொன்னார், நான் தட்டினேன், உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

இசக்கியப்பன் கண்ணைத் திறந்தான். கட்டுப் போட்ட கை மெத்தையிலிருந்து ஒரு விரல்கடை எழும்பி விழுந்தது.

"நாளைக்கு அந்த இன்ஸ்பெக்டரு எத்தன மணிக்கு வாராரு?"

"காலையில," என்றாள் இன்பமணி. "அதுக்குள்ள மெட்ராஸ் ஆளு வந்து எல்லாத்தையும் அழிச்சுருவான். பெட்டிகிட்ட ஒண்ணும் இருக்காது."

"பெட்டி கெடக்கட்டும். பாத்த ஆளுக அங்கன வாசல்ல இருப்பாவள்ளா? நானும் இருக்கணும்." ஒற்றைக் கையை ஊன்றி எழும்பப் பார்த்தான், முடியவில்லை, கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். "என்னைக் கட்டிலோட தூக்கிட்டுப் போங்க. அந்த மேனேஜரு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும், பொன்னுதுரை அமுக்கினான்னு."

"நர்ஸம்மா விட மாட்டாவ வே," என்றாள் சுடலைமாடத்தி.

"கேட்டுக்கிட்டா தூக்கப் போற?"

பொன்னுதுரை கட்டிலைச் சுற்றி வந்தார். இரும்புச் சட்டத்தைத் தலைமாட்டுப் பக்கம் இரண்டு கையாலும் பிடித்து, கனம் எவ்வளவு என்று தூக்கிப் பார்த்தார்.